ரொட்டிக்குள் வைத்தது

ரங்கூனில் இறங்கியதும் நான் முதலில் சந்தேகப்பட்டது ரொட்டியை. கட்டினவரைச் சந்தேகப்பட்டது அதற்கு அப்புறம்தான்.

ரொட்டிக்கு மாவு பிசையும்போது கள் ஊற்றுகிறார்கள், அதனால்தான் அப்படி உப்பி வருகிறது என்று கப்பலில் கூட வந்த ஒருத்தி சொல்லியிருந்தாள். எங்களுடையது திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். மீன்காரி தெருவில் வந்தால் வாசல் கதவைச் சாத்துகிறவர்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த நான், பபேடான் பேட்டையில் ஒரு மாடி வீட்டில் குடித்தனம் தொடங்கிய முதல் நாள் காலையில், தகரப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்த ரொட்டிக்காரனிடம் ஒரு ரொட்டியை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தேன். புளிப்பு வாடை அடிக்கத்தான் செய்தது.

"இதையா தினமும் திங்கீக?" என்று அவரிடம் கேட்டேன்.

"தோசைக்கல்லுல போட்டு வாட்டிட்டா ஒண்ணுமில்ல. நெருப்புப் பட்டா எல்லாம் சுத்தந்தான்" என்றார்.

பதில் ரொம்ப வேகமாக வந்தது. வேறு யாருக்கோ ஏற்கெனவே சொல்லிப் பழகின பதில் மாதிரி இருந்தது. நான் அப்படித்தான். ஒருவர் என்ன சொல்கிறார் என்பதோடு எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார் என்பதையும் கவனிப்பேன். இந்தக் குணத்தால் எனக்கு உறவுக்காரர்கள் மத்தியில் நல்ல பெயர் கிடையாது.

அவர் பக்கத்துப் பேட்டையான கியாக்டடாவில் ஒரு கப்பல் ஆபீசில் குமாஸ்தா. அங்கே துரைமார் மத்தியானத்தில் ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே எதையாவது வைத்துச் சாப்பிடுவார்கள். சாண்ட்விச் என்று அதற்குப் பெயர். நம் குமாஸ்தாக்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நாகரிகத்துக்காக அல்ல. சோறு என்றால் யார் யாரோடு உட்காரலாம், யார் யாரிடமிருந்து வாங்கலாம் என்று நூறு கேள்வி எழும். ஒருவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காருவார், இன்னொருவர் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு சாப்பிடுவார். ரொட்டி சோறும் இல்லை, பலகாரமும் இல்லை. அதைத் தின்னலாமா கூடாதா என்று ஊரில் யாருமே சொல்லி வைக்கவில்லை. அதனால் கடலுக்கு இந்தப் பக்கம் வந்ததும் எல்லா ஜாதிக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள். ரொட்டி வெந்த அடுப்பு யாருடையது என்று கேட்பதில்லை என்பது அவர்களுக்குள் ஒரு ஒப்பந்தம்.

நான் தினமும் ரொட்டியை வாட்டி, எள்ளும் மிளகாயும் வறுத்து இடித்த பொடியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவி, டப்பாவில் வைத்துக் கொடுப்பேன். சில நாள் தேங்காய்த் துவையல், சில நாள் பொரிகடலைத் துவையல். மாலையில் டப்பா காலியாக வரும்.

கப்பல் ஏறுவதற்கு முன்னால் எங்கள் தெருப் பெண்கள் ஆளுக்கொரு எச்சரிக்கை சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ரங்கூனில் தனியாக இருக்கிற ஆண்பிள்ளைக்குப் பர்மாக்காரி ஒருத்தி எப்படியும் இருப்பாள். அவள் சாப்பாட்டில் மருந்து வைத்து மயக்கிவிடுவாள். மருந்து வயிற்றில் ஒட்டிக்கொண்டால் ஆள் அவ்வளவுதான். நாக்கு மாறிப் போவதுதான் முதல் அடையாளம். இவர் என்னைக் கட்டுவதற்கு முன் பல வருஷம் ரங்கூனில் தனியாக இருந்தவர். கல்யாணம் முடிந்ததும் என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "கையோட கூட்டிட்டுப் போற மாப்பிள்ளை மேல குத்தம் சொல்ல முடியாது" என்றார் என் அப்பா. அவ்வளவு அவசரம் எதற்கு என்று எனக்கு அதுவே உறுத்தியது.

வந்து கொஞ்ச நாளிலேயே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வீட்டில் சாப்பிடும்போது அவருக்குக் காரம் போதாது. பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்வார். ஆனால் டப்பாவில் வைக்கிற பொடிக்கு மட்டும், "காரம் கூடிப்போச்சு, நாளைக்குக் கொஞ்சம் குறைச்சுக்கோ" என்பார். ஒரே ஆளுக்கு வீட்டில் ஒரு நாக்கும் ஆபீசில் ஒரு நாக்குமா?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அவருடைய ஆபீஸ் சிநேகிதர்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தால் முதல் பேச்சு கப்பல் எப்போது வருகிறது என்பது. இரண்டாவது பேச்சு ரொட்டிக்குள் எதை வைப்பது என்பது. பெஞ்சில் தீராத சண்டையை மூட்டை கட்டி எங்கள் வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். நான் அடுப்படியில் காபி போட்டபடி காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

தஞ்சாவூர்க்காரர் பருப்புத் துவையல் கட்சி. "துவரம்பருப்பைச் சிவக்க வறுத்து, அம்மியிலே கெட்டியா அரைக்கணும். தண்ணி விட்டா ரொட்டி ஊறிப் போயிடும். மேலே நெய். அப்புறம் பேசுங்கோ."

"நெய்யா? ரொட்டிக்கு நெய் விட்டா அது ரொட்டி இல்லை, அபிஷேகம்" என்பார் மதுரைக்காரர். "சின்ன வெங்காயத்தையும் வரமிளகாயையும் பச்சையா அரைச்சு வச்சுப் பாருங்க. கண்ணுல தண்ணி வரணும். கண்ணுல தண்ணி வராததெல்லாம் ஒரு சாப்பாடா?"

பட்டணத்திலிருந்து வந்தவர் ஒருவர், வெண்ணெயும் சர்க்கரையும்தான் ரொட்டிக்கு முறை என்று மெல்லச் சொல்வார். சீக்காளிக் குழந்தைக்குக் கொடுக்கிற பத்தியம் என்று மற்றவர்கள் அவரை உட்கார வைத்துவிடுவார்கள்.

ஒரு ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. ரங்கூன் மழை நம் ஊர் மழை மாதிரி வந்து போகிற மழை இல்லை. பிடித்தால் வாரக்கணக்கில் நிற்காது. பேச்சு ரொட்டியிலிருந்து அவரவர் ஊருக்குத் தாவியது. மழைக்குச் சுண்டைக்காய் வற்றல் குழம்பும் சுட்ட அப்பளமும் என்று தஞ்சாவூர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டார். காய்ச்சல் விட்ட அன்று குழைய வடித்த சோறும் மிளகு ரசமும் கிடைத்தால் மறுபடி காய்ச்சல் வந்தாலும் பரவாயில்லை என்றார் மதுரைக்காரர். பிறகு எல்லோரும் இவரைக் கேட்டார்கள். "ஓய் திருநெல்வேலி, உமக்கு என்ன வேணும்?"

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். திருநெல்வேலிக்காரர் வாயிலிருந்து சொதி என்று வர வேண்டும். தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்களும் வெந்த சொதி. எங்கள் கல்யாணத்துக்கு மறுநாள் அதைத்தான் அவர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் சொன்னார்: "ரொட்டியிலேயே சொல்லுதேன். வேர்க்கடலைய வறுத்து ஒண்ணுரெண்டா இடிச்சுக்கிடணும். பூண்டை மெல்லிசா சீவி எண்ணெயில மொறுமொறுன்னு பொரிக்கணும். எண்ணெய் காயும்போதே மஞ்சப்பொடியப் போட்டிரணும், அப்பத்தான் பச்சை வாடை போகும். அந்த எண்ணெயில கடலையைப் பெரட்டி, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ரொட்டிக்குள்ள வச்சா, மழைக்கு அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது."

பட்டணத்துக்காரர் மட்டும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

தின்றதைச் சொன்னால் கடையில் தின்றிருப்பார் என்று விட்டுவிடலாம். இவர் செய்முறை சொல்கிறார். உப்பு ஜாடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாத மனுஷருக்கு, எண்ணெய் எந்தப் பதத்தில் இருக்கும்போது மஞ்சள் போட வேண்டும் என்று தெரிகிறது. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருத்தி சமைப்பதை ஆற அமரப் பார்த்திருந்தால் அல்லவா அது தெரியும்? காபியில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டு எல்லோருக்கும் கொடுத்தேன். வேண்டுமென்றேதான் போட்டேன். மரியாதைக்காரர்கள், குடித்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு டப்பாவைத் தினமும் சோதிக்க ஆரம்பித்தேன். ஒரு சாயங்காலம் அதில் கடித்து மீந்த துண்டு ஒன்று கிடந்தது. அவர் கடி எனக்குத் தெரியும். முன்பல்லில் ஒரு சந்து உண்டு. இந்தக் கடியில் சந்து இல்லை. சின்ன வளைவு, நெருக்கமான பல். நான் வேறு ஒரு துண்டு ரொட்டியை எடுத்துக் கடித்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் வாயைவிடச் சின்ன வாய். அந்தச் சின்ன வாய்க்காரியை நினைத்து அன்று நான் சாப்பிடவில்லை. ஒரு பெண்பிள்ளையைத் தவிர வேறு யாரையும் என் புத்தி நினைக்கவில்லை. கப்பல் ஏறும்போதே அவளைத்தானே என் கண்ணுக்கு முன்னால் நிறுத்தி அனுப்பினார்கள்.

கீழ் வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். அப்பா தமிழர், தாய் பர்மாக்காரி. தெருவில் எல்லோரும் அவளை மமா என்று கூப்பிடுவார்கள். பர்மாவில் அக்காவை அப்படித்தான் சொல்வது. அவளிடம் போய் ரொட்டித் துண்டைக் காட்டி, அவர் வயிற்றிலிருந்து மருந்து எடுக்கிறவர்கள் இந்த ஊரில் யாராவது உண்டா என்று கேட்டேன்.

மமா சிரித்துச் சிரித்து இருமினாள். "எங்கம்மா மேலயும் இதே பேருதான் தங்கச்சி. எங்கப்பாவுக்கு மருந்து வச்சுட்டான்னு ஊர்ல இருந்து ஆளு மேல ஆளு வந்தாங்க. மருந்தும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல. அவ கைப்பக்குவம் அப்படி." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "சரி, இப்படி ரொட்டியப் பாத்து அழுதுக்கிட்டு இருந்தா ஆகாது. மத்தியானம் அவர் எங்க உக்காந்து சாப்பிடுறாருன்னு போய்ப் பாத்துருவோம். நான் கூட வர்றேன்."

மறுநாள் டிராமில் போனோம். சூலே பகோடாவுக்கு அருகே இருந்த தோட்டத்தில்தான் பக்கத்து ஆபீஸ்காரர்கள் மத்தியானத்தில் வந்து உட்காருவார்கள். நாங்கள் ஒரு மரத்துக்குப் பின்னால் குடையைச் சாய்த்துக்கொண்டு நின்றோம். தஞ்சாவூர்க்காரரும் மதுரைக்காரரும் ஒரு பெஞ்சில் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். துவையல் சண்டையாகத்தான் இருக்கும். இவர் அவர்களோடு இல்லை. தள்ளி, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துப் பெஞ்சில் இருந்தார்.

பக்கத்தில் ஒரு சிறுமி இருந்தாள். உச்சியில் சின்னக் கொண்டை, கன்னம் முழுக்கச் சந்தனம் மாதிரி தனக்காப் பூச்சு, மடியில் சிலேட்டு. கால் தரையில் எட்டவில்லை. என் டப்பா அவள் மடியில் இருந்தது. அவள் ரொட்டித் துண்டைப் பிரித்து, உள்ளே இருந்த எள்ளுப்பொடியை முதலில் நக்கிப் பார்த்து, பிறகு மூடித் தின்றாள். இவர் தின்னவில்லை. அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படி ஒரு முகம் வைத்திருந்து நான் பார்த்ததில்லை.

சக்களத்தி இல்லை என்றதும் எனக்கு உடம்பெல்லாம் லேசானது. அது நிலைக்கவில்லை. சிறுமி தலையை நிமிர்த்தினாள். மூக்கும் நெற்றியும் அச்சாக என் மாமனாருடையவை.

"வா, போயிரலாம்" என்று மமா என் கையைப் பிடித்து இழுத்தாள். டிராமில் திரும்பும்போது அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதற்கு நான் அவளுக்கு இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவர் சாயங்காலம் வந்து டப்பாவை வைத்தார். நான் அதைக் கழுவ எடுக்கவில்லை.

"இன்னைக்குக் காரம் எப்படி? பிள்ளைக்குச் சரியா இருந்ததா?" என்று கேட்டேன்.

அவர் நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்தார். பொய் சொல்லவில்லை. அது ஒன்றுதான் அன்று அவரைக் காப்பாற்றியது.

"என் மக" என்றார். "தாய் காய்ச்சல்ல போயிட்டா, உன்னைக் கட்டுறதுக்கு முந்தியே. அவ தங்கச்சிதான் பிள்ளைய வளக்கா. ஊர்ல யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் அந்தத் தோட்டத்துக்கிட்ட. மத்தியானம் மட்டும் பாப்பேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அடுத்த கப்பல்ல ஏறிருவேன்னு பயந்துட்டேன்."

"இப்பவும் ஏறத்தான் போறேன்" என்றேன். அந்த நிமிஷத்தில் அது மெய்யான பேச்சு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இத்தனை நாளும் காரம் குறைக்கச் சொன்னது, எள்ளை நைசாக இடிக்கச் சொன்னது, தேங்காய்த் துவையல் அடிக்கடி வேண்டும் என்றது எல்லாம் இன்னொரு நாக்குக்காக. யாருக்குச் சமைக்கிறேன் என்றுகூடத் தெரியாமல் ஒருத்தி சமைத்திருக்கிறாள். வேறு ஒருத்தி வீட்டில் இருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். செத்துப்போனவளோடு எப்படிச் சண்டை போடுவது? தாயில்லாத பிள்ளையை என்னிடமிருந்து ஒளித்தவர், என்னை எப்படிப்பட்டவள் என்று நினைத்திருக்கிறார் என்பதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

சில நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் டப்பாவில் ரொட்டி வைப்பதை நான் நிறுத்தவில்லை. பிள்ளை பட்டினி கிடக்க வேண்டுமா என்ன.

பேச்சில்லாத அந்த நாட்களில் எனக்குப் புதிதாக ஒரு சந்தேகம் முளைத்தது. தாய் செத்துவிட்டாள் என்று இவர் சொல்வதை நான் எப்படி நம்புவது? தங்கை என்கிறாரே, அவள்தான் அந்தத் தாயோ என்னவோ? பிள்ளையை ஒளிக்கத் தெரிந்தவருக்குப் பெண்டாட்டியை ஒளிக்கத் தெரியாதா? கடைசியில் நானே வாயைத் திறந்தேன்.

"என்னை அங்க கூட்டிட்டுப் போங்க. நான் பாக்கணும். நீங்க சொல்லுதது நிசம்னா அந்தப் பிள்ளை நம்ம வீட்டுல வந்து இருக்கட்டும். டப்பா எங்க போகுதுன்னு காலம் பூரா யோசிச்சுக்கிட்டு என்னால குடித்தனம் பண்ண முடியாது. பொய்யின்னா நான் ஊருக்குப் போறேன்."

"அவ சித்தியும் இதையேதான் சொல்லுதா. உன்னை நேர்ல பாக்காம பிள்ளைய அனுப்ப மாட்டாளாம். பாத்துப் பிடிக்கலைன்னா எப்பவும் அனுப்ப மாட்டாளாம்" என்றார்.

எனக்கு ரோஷம் வந்தது. என்னைப் பார்த்து ஒருத்தி தீர்மானிப்பதா? நான் அவளைப் பார்த்துத் தீர்மானிக்கத்தானே போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி இருந்த கெம்மண்டைனுக்குப் போனோம். எள்ளுப்பொடி தடவிய ரொட்டியைத் துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தேன். மூங்கில் சுவர் வைத்த, மரக்கால்களின் மேல் நிற்கிற வீடு. படியேறும்போதே கீழே கிடந்த செருப்புகளை அளவு பார்த்தேன். கொடியில் காய்கிற லுங்கிகளில் எத்தனை பேருடைய லுங்கி இருக்கிறது என்று பார்த்தேன். உள்ளே கண்ணாடிக்குப் பக்கத்தில் எத்தனை சீப்பு என்று கழுத்தை நீட்டினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் இருக்கிற அடையாளம்தான் தெரிந்தது.

சித்தி என் வயதுக்காரி. பஜாரில் காய்கறி விற்பவள். நம்மவர்களுக்கு விற்று விற்றுத் தமிழ் வந்திருந்தது. பாயில் எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் வீட்டைத் துழாவுவதைப் பார்த்தாள்.

"நீ தேடுறது இங்க இல்ல" என்றாள். "என் அக்கா செத்துப் போச்சு. நான்தான் குளிப்பாட்டினேன், நான்தான் தலை சீவிவிட்டேன்."

முகம் சுட்டது. என் கையிலிருந்த துணியை அவள் முன்னால் நகர்த்தி வைத்தேன். பிள்ளைக்கு என்றேன்.

அவள் அதைத் தொடவில்லை. "தோட்டத்துல தின்ற ரொட்டி, நீ யாருக்குன்னு தெரியாம கொடுத்த ரொட்டி. இது தெரிஞ்சு கொடுக்கிற ரொட்டி. அது வேற, இது வேற" என்றாள். "ஊர்லேர்ந்து வர்ற காலாப் பொம்பளைங்க சாப்பாட்டுல மருந்து வைப்பாங்கன்னு எங்க பஜார்ல சொல்றாங்க. மூத்தவ பிள்ளைக்குக் கட்டாயம் வைப்பாங்களாம்."

இந்தியாக்காரர்களை அங்கே காலா என்பார்கள். நான் கடல் தாண்டிச் சுமந்து வந்த பேச்சை, அட்சரம் மாறாமல் இவள் என்னிடமே சொல்கிறாள். கோபப்படக்கூட எனக்கு வழி இல்லை. மருந்து எடுக்கிறவனை விசாரித்தவள் நான்.

சிறுமி அதுவரை கதவின் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது வந்து உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள். ரொட்டியைப் பிரித்தாள். முகர்ந்தாள். விரலால் பொடியைக் கிளறி அடியில் என்ன இருக்கிறதென்று பார்த்தாள். நான் ரங்கூனில் என் முதல் ரொட்டியை இவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை. பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்தாள். பலாச்சாங். காய்ந்த இறாலை இடித்து, பூண்டும் மிளகாயும் போட்டு எண்ணெயில் பொரித்தது. மூடியைத் திறந்ததும் அந்த வாடையில் எனக்குக் குமட்டியது. என் எள்ளுப்பொடியின் மேல் அதை ஒரு பூச்சுப் பூசினாள். ரொட்டியை மூடி இரண்டாகப் பிய்த்தாள். ஒரு பாதியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு மற்றதை என்னிடம் நீட்டினாள்.

"நீ மொதல்ல" என்றாள், தமிழில்.

"அய்யோ, அவ அதெல்லாம் தொட மாட்டா" என்று அவர் பதறிக்கொண்டு முன்னால் வந்தார். "எங்க வீட்ல மீன் கிடையாது, இறால் கிடையாது, அது எங்களுக்கு..."

"தொட மாட்டாளா?" என்றாள் சித்தி. அவள் குரலில் கோபமே இல்லை. எதிர்பார்த்தது நடந்துவிட்டது என்கிற நிம்மதிதான் இருந்தது.

சைவம் என்பதை அந்த வீட்டில் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? அவர்களுக்குப் புரிந்தாலும் நம்புவார்களா? நானாக இருந்தால் நம்புவேனா? தன் கையால் கொண்டுவந்த ரொட்டியைத் தானே தின்ன மறுத்து, சாமி பேரில் சாக்குச் சொல்கிற ஒருத்தியை நான் படி இறக்கி அனுப்பியிருப்பேன். சிறுமியின் கை மெல்லப் பின்னால் போக ஆரம்பித்தது. அது முழுக்கப் பின்னால் போய்விட்டால் அவள் என் வீட்டுப் படியேற மாட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது. எனக்கு அவள் வர வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ரொட்டியை வாங்கினேன். அவர் என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் திரும்பவில்லை.

நல்லா இருந்தது என்று இன்று சொன்னால் அது பொய். உப்பும் கருகின பூண்டும் நாக்கில் பட்டன. அதற்குப் பின்னால், பிறந்ததிலிருந்து கதவைச் சாத்தி வெளியே நிறுத்தி வைத்திருந்த வாடை வாய் முழுக்க வந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர்கள் அதைக் காரம் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று தலையைக் குனிந்து மென்றேன். பாதியில் நிறுத்தவில்லை. கடைசிக் கவளத்தையும் விழுங்கிவிட்டு வெறும் கையைக் காட்டினேன்.

சிறுமிக்கு அது போதவில்லை. முழங்காலில் நகர்ந்து என் முகத்துக்கு அருகே வந்தாள்.

"வாயைத் தொற" என்றாள்.

திறந்தேன். கன்னத்தின் உள்பக்கமும் நாக்குக்கு அடியிலும் பார்த்தாள். பார்த்த பிறகுதான் தன் பாதியை எடுத்துக் கடித்தாள்.